தங்கையின் கணவர் மலேசியாவிலிருந்து வேலை பார்க்க: டிஇ ரந்தாவ் பாஸா, துணைவர் பாஸா?

சிப்புட் அண்ணன் எழுதியது:

வணக்கம். நான் பேராக் மாநிலத்துச் சுங்கை சிப்புட்டில் இருக்கிறேன். என் தங்கை 2019இல் கோயம்புத்தூர்க்காரர் ஒருவரை மணந்துகொண்டு அங்கேயே குடியேறிவிட்டாள். ஆனாலும் மலேசியக் குடியுரிமையை விடவில்லை, நீல அடையாள அட்டை இன்னும் அவள் கையில் இருக்கிறது. மாப்பிள்ளை இந்தியக் கடப்பிதழ் வைத்திருப்பவர். ஜெர்மனியில் உள்ள ஒரு மென்பொருள் நிறுவனத்துக்கு நான்கு ஆண்டுகளாக வீட்டிலிருந்தபடியே வேலை செய்கிறார்.

எங்கள் அம்மாவுக்கு 73 வயது. முப்பது ஆண்டு பால்மரம் (ரப்பர்) வெட்டப் போன கால்கள் இப்போது படியேற மறுக்கின்றன. சென்ற தைப்பூசத்துக்குப் பிறகு ஒருமுறை குளியலறையில் விழுந்தும்விட்டார். நான் ஈப்போவில் ஒரு தொழிற்சாலையில் ஷிப்டு முறையில் வேலை பார்ப்பதால் பல இரவுகளில் வீட்டில் வேறு ஆள் இருப்பதில்லை. "நாங்கள் ஓரிரு ஆண்டு வந்து இருக்கிறோம், அண்ணா" என்று தங்கை சொல்கிறாள். அவள் வருவதற்குத் தடை ஏதுமில்லை. மாப்பிள்ளை எந்த அனுமதியில் வருவது என்பதுதான் கேள்வி.

இந்தியர்கள் 2023 டிசம்பர் முதல் விசா இல்லாமல் வந்து 30 நாள் தங்கலாம் என்பது தெரியும். அது சுற்றிப் பார்க்க வருபவர்களுக்கானதே தவிர, மடிக்கணினியைத் திறந்து வைத்துச் சம்பளத்துக்கு வேலை செய்வதற்கானதன்று என்பதும் தெரியும். வெளிநாட்டு நிறுவனத்துக்கு இங்கிருந்து இணையம் வழியாக வேலை செய்பவர்களுக்கு டிஇ ரந்தாவ் என்ற இலக்கவியல் நாடோடிப் பாஸ் இருப்பதாகக் கேள்விப்பட்டேன். குடிமக்களின் வெளிநாட்டுத் துணைவர்களுக்கு நீண்டகாலச் சமூக வருகைப் பாஸ் (துணைவர் பாஸ்) உண்டு என்றும் சொல்கிறார்கள். இரண்டில் எது எங்களுக்குப் பொருந்தும்? அதைவிட முக்கியமாக, இவ்வகைப் பாஸில் வந்து தங்கியிருப்பவர்கள் அதை எப்படிப் பார்க்கிறார்கள்? விளம்பரத்தில் இருப்பதை நானே படித்துக்கொள்வேன். வங்கி முகப்பிலும் குடிநுழைவு முகப்பிலும் நின்று வந்தவர்களின் அனுபவம்தான் எனக்குத் தேவை.

வீட்டைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். தோட்டம் ரப்பரிலிருந்து செம்பனைக்கு மாறிய காலத்தில் லயத்தை (தொழிலாளர் வரிசை வீட்டை) விட்டு வந்து வாங்கிய தாமான் (குடியிருப்புப் பகுதி) வீடு. ஃபைபர் இணையம் இருக்கிறது. ஆனால் மாலையில் இடி இடிக்கத் தொடங்கினால் அம்மா முதல் வேலையாக மோடத்தின் பிளக்கைப் பிடுங்கிவிடுவார். இதுவரை இரண்டு மோடங்கள் கருகியிருப்பதால் அவரைக் குறை சொல்லவும் முடியாது. ஜெர்மனியில் காலை 9 மணி என்பது அங்கே கோடைக்காலமாக இருந்தால் நமக்கு மதியம் 3 மணி, குளிர்காலமாக இருந்தால் 4 மணி. அவருடைய அலுவலகக் கூட்டமும் எங்கள் ஊர் இடியும் ஒரே நேரத்தில்தான் தொடங்கும்.


திருப்பூர்க்காரன், ஈப்போ எழுதியது:

வணக்கம் அண்ணா. நான் டிஇ ரந்தாவ் பாஸில் பதினான்கு மாதங்களாக ஈப்போவில் இருக்கிறேன். முதல் பன்னிரண்டு மாதம் முடிந்து, ஒருமுறை நீட்டித்துவிட்டேன்.

இந்தப் பாஸை நடத்துவது மலேசிய இலக்கவியல் பொருளாதாரக் கழகம், அதாவது எம்டெக். 2022 அக்டோபரில் விண்ணப்பங்களைப் பெறத் தொடங்கினார்கள். மூன்று மாதத்திலிருந்து பன்னிரண்டு மாதம் வரை தருவார்கள். மேலும் பன்னிரண்டு மாதம் நீட்டிக்கலாம். தொழில்நுட்பத் துறையில் இருப்பவருக்கு ஆண்டு வருமானம் 24,000 அமெரிக்க டாலருக்கு மேல் இருக்க வேண்டும். 2024இல் மற்றத் துறையினருக்கும் கதவைத் திறந்தார்கள், ஆனால் அவர்களுக்கு அது 60,000 டாலர். மாப்பிள்ளை மென்பொருள்காரர் என்பதால் முதல் வகையில் வருவார். கட்டணம் விண்ணப்பிப்பவருக்கு 1,000 வெள்ளி (ரிங்கிட்), உடன் வரும் ஒவ்வொருவருக்கும் 500 வெள்ளி. உங்கள் தங்கை குடிமகள் என்பதால் இரண்டாவது செலவு உங்களுக்கு இல்லை. வெளிநாட்டு நிறுவனத்தோடு மூன்று மாதத்துக்கு மேற்பட்ட ஒப்பந்தம், சம்பளச் சீட்டுகள், வங்கிக் கணக்கு அறிக்கை, மருத்துவக் காப்புறுதி ஆகியவற்றைக் கேட்பார்கள்.

இதில் நம்மவர்கள் எல்லோரும் இடறி விழும் ஓர் இடம் உண்டு. அதை எவரும் எழுதி வைப்பதில்லை. நமக்குக் குடும்பப் பெயர் கிடையாது. என் கடப்பிதழில் என் பெயரும் அப்பாவின் பெயரும் முழுமையாக இருக்கின்றன. சம்பளச் சீட்டில் முன்னெழுத்தும் என் பெயரும் மட்டும். வங்கி அறிக்கையிலோ முன்னெழுத்து பெயருக்குப் பின்னால் போய் உட்கார்ந்திருந்தது. மூன்றும் ஒரே ஆள்தானா என்று கேட்டு என் விண்ணப்பம் திரும்பி வந்தது. நிறுவனத்திடமிருந்து ஒரு கடிதம் வாங்கி, மூன்று பெயர்களையும் அதில் எழுதி, மூன்றும் ஒருவரே என்று கையொப்பமிட வைத்து அனுப்பிய பிறகுதான் நகர்ந்தது. ஐரோப்பியத் தலைமை அலுவலகத்தில் இருப்பவர்களுக்கு இக்கடிதம் எதற்கென்று புரியவைக்க எனக்கு மூன்று வாரம் ஆயிற்று. மாப்பிள்ளையை இப்போதே கேட்டு வாங்கச் சொல்லுங்கள்.

வங்கிக் கணக்கு திறக்க நான் போன முதல் கிளையில் அந்தப் பெண் என் கடப்பிதழில் ஒட்டியிருந்த பாஸைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். வேலைப் பாஸும் இல்லை, மாணவர் பாஸும் இல்லை, இதை எந்தப் பெட்டியில் போடுவது என்று அவருக்குத் தெரியவில்லை. மேலாளரிடம் போய்விட்டு வந்து முடியாது என்றார். வாடகை ஒப்பந்தத்தையும் நிறுவனக் கடிதத்தையும் எடுத்துக்கொண்டு வேறொரு கிளைக்குப் போனபோது கிடைத்தது. இப்பாஸில் பினாங்கில் இருக்கும் எனக்குத் தெரிந்த பலர் உள்ளூர்க் கணக்கே திறக்காமல், வெளிநாட்டு அட்டையை வைத்துக்கொண்டே காலத்தை ஓட்டுகிறார்கள்.

எப்படிப் பார்க்கிறார்கள் என்று கேட்டீர்கள். பினாங்கிலும் கோலாலம்பூரிலும் மாதம் ஒருமுறையாவது நாங்கள் சந்தித்துக்கொள்வதுண்டு. பெரும்பாலோர் இதை ஓராண்டு வாடகை ஒப்பந்தத்தைப் போலத்தான் பார்க்கிறார்கள். எல்லையில் பொய் சொல்ல வேண்டியதில்லை, ஆங்கிலம் போதும், செலவு தாங்கும் என்பதோடு அவர்கள் கணக்கு முடிந்துவிடுகிறது. முடிந்ததும் வியட்நாமோ ஜார்ஜியாவோ போய்விடுவார்கள். அவர்களுக்கு இப்பாஸ் நிரந்தர வசிப்பிடத் தகுதிக்கு இட்டுச் செல்லாது என்பது ஒரு குறையே இல்லை. மலாயில் 'ரந்தாவ்' என்ற சொல்லே அப்படிப்பட்டது: சுமத்ராவின் மினாங்கபாவ் இளைஞர்கள் ஊரை விட்டுப் பிழைக்கப் போவதை 'மெரந்தாவ்' என்பார்கள், போனவன் திரும்புவான் என்ற எதிர்பார்ப்பு அதற்குள்ளேயே இருக்கிறது. எனக்குத்தான் அது ஒட்டவில்லை. பக்கத்து வீட்டு வளைகாப்புக்கு என்னை அழைக்கிறார்கள், கோயில் திருவிழாவுக்கு நன்கொடைச் சீட்டு கொடுக்கிறார்கள், அடுத்த ஆண்டு உபயத்துக்கு என் பெயரைப் போடலாமா என்று கேட்கிறார்கள். அடுத்த ஆண்டு நான் இங்கே இருப்பேனா என்று எனக்கே தெரியாது. உங்கள் மாப்பிள்ளைக்கு இந்தச் சிக்கல் இன்னும் பெரிதாக இருக்கும், ஏனென்றால் அவர் வருவது வேடிக்கை பார்க்க அல்ல, மாமியாரைப் பார்த்துக்கொள்ள.


லாரிக்காரன் எழுதியது:

இவ்வளவு எதற்கு? 30 நாள் முடிந்ததும் கிரிக் வழியாக எல்லையில் உள்ள பெங்காலான் ஊலு போய், தாய்லாந்துப் பக்கம் பெத்தோங்கில் ஒரு தேநீர் குடித்துவிட்டுத் திரும்பினால் மறுபடி 30 நாள். எனக்குத் தெரிந்து எத்தனையோ பேர் அப்படித்தான் இருக்கிறார்கள்.


திருப்பூர்க்காரன், ஈப்போ எழுதியது:

அண்ணா, அப்படி இருந்தவர்கள் ஒவ்வொரு முறையும் கிடைக்கும் என்று நம்பித்தான் போனார்கள். மறுபடி உள்ளே விடுவது முகப்பில் இருக்கும் அதிகாரியின் முடிவு. கடப்பிதழில் அடுத்தடுத்து விழுந்த முத்திரைகளைப் பார்த்து அவர் சந்தேகப்பட்டால் அன்றைக்கே கதை முடிந்துவிடும். தனி ஆளாக இருந்தால் பையை எடுத்துக்கொண்டு வேறு நாட்டுக்குப் போகலாம். இரவில் அம்மாவைக் குளியலறைக்குக் கைபிடித்து அழைத்துப் போக வேண்டியவர் பெத்தோங்கில் மாட்டிக்கொண்டு நிற்க முடியுமா?


கிள்ளான் கணக்கர் எழுதியது:

வணக்கம். பாஸைப் பற்றி மற்றவர்கள் சொல்வார்கள். நான் வரியைப் பற்றி மட்டும் சொல்கிறேன், ஏனென்றால் இவ்விஷயத்தில் வெளிநாட்டிலிருந்து வந்து வேலை செய்பவர்களிடையே உலவும் நம்பிக்கைகளில் பாதி தவறானவை.

முதல் தவறு, "எனக்குச் சம்பளம் கொடுப்பது வெளிநாட்டு நிறுவனம், பணம் போவது வெளிநாட்டுக் கணக்குக்கு, ஆகவே மலேசியாவுக்கும் அதற்கும் தொடர்பில்லை" என்பது. 1967ஆம் ஆண்டு வருமான வரிச் சட்டத்தின்படி, வேலை எந்த மண்ணில் உட்கார்ந்து செய்யப்படுகிறதோ அங்கே ஈட்டிய வருமானமாகத்தான் சம்பளம் கருதப்படும். சுங்கை சிப்புட் வீட்டு மேசையில் எழுதிய நிரலுக்குச் சம்பளம் மியூனிக்கிலிருந்து வந்தாலும் அது மலேசிய வருமானமே. வெளிநாட்டு வருமானத்துக்கு 2036 வரை தனிநபர்களுக்கு விலக்கு இருக்கிறதே என்று கேட்பார்கள். அந்த விலக்கு உண்மைதான். கோயம்புத்தூரில் அவருக்கு ஒரு வீடு இருந்து, அதன் வாடகையை இங்கே கொண்டு வந்தால் பொருந்தும். இங்கே உட்கார்ந்து செய்யும் வேலைக்குப் பொருந்தாது.

இரண்டாவது, குடியிருப்பாளரா இல்லையா என்பது. இது கடப்பிதழையோ பாஸின் பெயரையோ பொறுத்ததன்று, நாள்களைப் பொறுத்தது. ஒரு நாட்காட்டி ஆண்டில் 182 நாள் அல்லது அதற்கு மேல் இங்கே இருந்தால் அவர் வரிக்கான குடியிருப்பாளர். வேறுபாடு எவ்வளவு என்று ஒரு கணக்கில் பாருங்கள்: கழிவுகளெல்லாம் போக வரிக்குரிய வருமானம் 1,00,000 வெள்ளி என்று வைத்துக்கொண்டால், குடியிருப்பாளருக்கு வரி 9,400 வெள்ளி; குடியிருப்பாளர் அல்லாதவருக்கு நேராக 30 விழுக்காடு, அதாவது 30,000 வெள்ளி. நாடோடிப் பாஸுக்கான குறைந்தபட்ச வருமானம் 24,000 டாலரை வெள்ளியாக மாற்றினால் ஏறத்தாழ இந்தத் தொகைதான் வரும் என்பதையும் கவனியுங்கள்.

ஆகவே வரும் மாதம் முக்கியமாகிறது. ஜனவரியிலோ பிப்ரவரியிலோ வந்தால் சிக்கல் இல்லை. செப்டம்பரில் வந்தால் அந்த ஆண்டில் 182 நாள் சேராது; ஆனால் அந்தத் தங்கல் அப்படியே தொடர்ந்து, அடுத்த ஆண்டில் இடைவிடாத 182 நாளாக நீண்டால், முதல் ஆண்டின் குறைந்த நாள்களையும் அதனோடு சேர்த்துக் குடியிருப்பாளராகக் கொள்ள வழி உண்டு. சொந்தக் காரணங்களுக்காக வெளியே போகும் நாள்கள் மொத்தம் 14க்கு மேல் போகாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். தீபாவளிக்கு மூன்று வாரம் ஊருக்குப் போய்விட்டு வந்து இச்சலுகையை இழந்த ஒருவருடைய கணக்கை நானே பார்த்திருக்கிறேன். அந்த மூன்று வாரத்துக்கு அவர் கொடுத்த விலை ஒரு நல்ல மோட்டார் சைக்கிளின் விலை.

மூன்றாவது, அவர் அந்நிறுவனத்தின் ஊழியரா, அல்லது பில் அனுப்பிப் பணம் பெறும் ஒப்பந்தக்காரரா என்பது. ஊழியர் என்றால் அடுத்த ஆண்டு ஏப்ரல் 30க்குள் படிவம் தாக்கல் செய்ய வேண்டும். ஒப்பந்தக்காரர் என்றால் அது தொழில் வருமானம், ஜூன் 30 வரை நேரம் உண்டு. இந்தியாவிலும் வரி பிடித்திருந்தால் இரட்டை வரித் தவிர்ப்பு உடன்பாடு இருக்கிறது. அதைப் பயன்படுத்த ஆவணம் வேண்டும், வாய்மொழி போதாது.

கடைசியாக, நிறுவனத்தின் ஒப்புதல். தங்கள் ஊழியர் ஒருவர் ஒரு நாட்டில் நீண்ட காலம் உட்கார்ந்து வேலை செய்தால், அந்த நாட்டில் தங்களுக்கே ஒரு தொழிலகம் இருப்பதாகக் கருதி வரி கேட்டுவிடுவார்களோ என்று ஐரோப்பிய நிறுவனங்கள் அஞ்சும். பாஸ் கிடைத்த பிறகு நிறுவனம் மறுத்ததால் வராமல் போனவர்கள் உண்டு. முதலில் மியூனிக்கைக் கேளுங்கள், பிறகு புத்ராஜெயாவில் இருக்கும் அரசாங்கத்தைக் கேளுங்கள். (மியூனிக் என்பது என் ஊகம், ஜெர்மனியில் எந்த ஊரோ அந்த ஊர்.)


பீடோர் மருமகள் எழுதியது:

வணக்கம் அண்ணா. நான் மதுரையில் பிறந்து, பீடோருக்கு வாழ்க்கைப்பட்டு வந்தவள். ஒன்பது ஆண்டுகளாகத் துணைவர் பாஸில் இருக்கிறேன். அந்தப் பக்கத்தை நான் சொல்கிறேன்.

உங்கள் தங்கையின் திருமணம் மலேசியாவில் பதிவாகியிருக்கிறதா? அதை நீங்கள் எழுதவில்லை. வெளிநாட்டில் மணக்கும் மலேசியர் ஆறு மாதத்துக்குள் மலேசியத் தூதரகத்திலோ, திரும்பி வந்தால் இங்கே தேசியப் பதிவுத் துறையிலோ அதைப் பதிய வேண்டும். 2019இல் கோயிலில் தாலி கட்டி, அங்கே சார்பதிவாளர் அலுவலகத்தில் சான்றிதழ் வாங்கியதோடு விட்டிருந்தால், இப்போது தாமதத்துக்குக் காரணம் எழுதித்தான் விண்ணப்பிக்க வேண்டியிருக்கும். அது முடியாமல் துணைவர் பாஸைப் பற்றிப் பேச்சே எடுக்க முடியாது.

பாஸ் கிடைத்தாலும் முதலில் குறுகிய காலத்துக்குத்தான் கிடைத்தது எனக்கு. பிறகுதான் கூடுதல் காலம் தந்தார்கள்; ஐந்தாண்டு வரை தருவதற்கு இடமுண்டு. ஒவ்வொரு முறை புதுப்பிக்கும்போதும் என் கணவர் விடுப்பு எடுத்துக்கொண்டு என்னோடு வந்து முகப்பில் நிற்க வேண்டும். ஒருமுறை அவருக்கு வேலையில் விடுப்பு கிடைக்காமல் நான் மட்டும் போனேன், "கணவர் எங்கே?" என்ற ஒரே கேள்வியோடு என்னைத் திருப்பி அனுப்பிவிட்டார்கள். அன்றைக்கு எனக்குக் கோபம் வந்தது. யோசித்துப் பார்த்தால், இந்தப் பாஸில் நான் அவருடைய மனைவி என்பதைத் தவிர எனக்கு வேறு அடையாளம் இல்லை. உள்ளூரில் வேலைக்குப் போக விரும்பினால் அதற்கான அனுமதிக் குறிப்பைத் தனியாக வாங்க வேண்டும்; நான் அதை வாங்கித்தான் ஒரு பாலர் பள்ளியில் வேலை பார்க்கிறேன். மாப்பிள்ளை வெளிநாட்டு நிறுவனத்துக்கு வீட்டிலிருந்து வேலை செய்வதற்கும் அக்குறிப்பு வேண்டுமா என்பதைக் குடிநுழைவுத் துறையிடம் எழுத்தில் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்; முகப்பில் ஒருவர் சொன்னார் என்பது நாளைக்கு உதவாது.

ஆனால் இதில் ஒரு வழி திறந்திருக்கிறது. இப்பாஸில் ஐந்தாண்டு இருந்த பிறகு நிரந்தர வசிப்பிடத் தகுதிக்கு விண்ணப்பிக்கலாம். நான் விண்ணப்பித்துக் காத்திருக்கிறேன். காத்திருப்பது சுகமில்லைதான்; ஆனாலும் வரிசையில் நிற்கிறேன். திருப்பூர்த் தம்பி சொல்லும் நாடோடிப் பாஸில் அந்த வரிசையே கிடையாது. அது வேலையின் மேல் சாய்ந்த பாஸ், இது கல்யாணத்தின் மேல் சாய்ந்த பாஸ். நிறுவனம் அவரை நாளை வேலையிலிருந்து நீக்கினால் அந்தப் பாஸ் எதைப் பிடித்துக்கொண்டு நிற்கும்?


பழைய கிராணி எழுதியது:

அன்பருக்கு வணக்கம். தோட்ட அலுவலகத்தில் 31 ஆண்டுகள் கிராணியாக (எழுத்தராக) இருந்து ஓய்வு பெற்றவன். ஆள்களின் பாஸ்களையும் பெர்மிட்டுகளையும் புதுப்பிக்கக் குடிநுழைவு அலுவலகத்துக்கு நடையாய் நடந்தவன் என்பதால் இரண்டு விஷயம் சொல்லலாம் என்று நினைக்கிறேன்.

ஒன்று, சட்டம் மாறும் என்பதை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். 'மலேசியா எனது இரண்டாவது இல்லம்' திட்டம் 2002இல் தொடங்கியபோது, ஓய்வு பெற்ற வெள்ளைக்காரர்களும் ஜப்பானியரும் அதை நம்பிப் பினாங்கிலும் ஈப்போவிலும் வீடு வாங்கிக் குடியேறினார்கள். 2021இல் வெளிநாட்டு மாத வருமானத்தை 10,000 வெள்ளியிலிருந்து 40,000 வெள்ளியாகவும், நிரந்தர வைப்பைப் பத்து லட்சம் வெள்ளியாகவும் ஒரேயடியாக உயர்த்தினார்கள். ஏற்கெனவே இருந்தவர்களுக்குப் பிறகு தளர்த்தினாலும், அந்தச் சில வாரங்களில் அவர்கள் பட்ட கலக்கம் போகவில்லை. ஈப்போவில் எனக்குத் தெரிந்த ஓர் ஆங்கிலேயர், தம் நாய்க்கு யார் சோறு போடுவார்கள் என்றுதான் முதலில் கேட்டார். 2024இல் அத்திட்டம் மறுபடியும் மாறி, இப்போது வெள்ளி, தங்கம், பிளாட்டினம் என்று பிரிந்திருக்கிறது. இம்மூன்றில் கீழ்ப்படியான வெள்ளித் தரத்துக்கே 1,50,000 அமெரிக்க டாலர் வைப்பும் 6 லட்சம் வெள்ளி வீடும் வேண்டும். உங்களுக்கு அது தேவையுமில்லை. ஆனால் அதில் இருப்பவர்கள் நாடோடிப் பாஸ்காரர்களைப் பார்த்து, "இவர்களாவது ஓராண்டுக்கென்று தெரிந்து வருகிறார்கள்" என்று சொல்வதைக் கேட்டிருக்கிறேன்.

இரண்டாவது கொஞ்சம் கசப்பானது. நாடோடிப் பாஸில் வருபவர் மனைவி, பிள்ளைகளை அழைத்து வரலாம். இப்போது பெற்றோரையும் அழைத்து வரலாம் என்கிறார்கள். உங்கள் வீட்டுக்கு இரண்டு கல் தொலைவில் செம்பனைக் குலை வெட்டும் வங்காளதேசத்துப் பையன் தற்காலிக வேலைப் பாஸில் பல ஆண்டு இருந்தாலும் மனைவியைக் கூட்டி வர முடியாது, முதலாளியை மாற்ற முடியாது. இருவரும் வெளிநாட்டவர்தான், இருவரும் உழைக்கத்தான் வந்தார்கள்; ஒருவருக்கு 'எக்ஸ்பாட்', மற்றவருக்கு 'வெளிநாட்டுத் தொழிலாளி' என்று பெயர். நம் பாட்டன்மார் எந்தப் பெயரில் வந்தார்கள் என்பது உங்களுக்குத் தெரியும். 1938இல் இந்திய அரசாங்கம் மலாயாவுக்குத் தொழிலாளர் அனுப்புவதைத் தடை செய்யும் வரை கங்காணி கூட்டி வந்தவர்கள் அவர்கள். வந்தபோது அவர்களும் சில ஆண்டுகளில் திரும்பிவிடலாம் என்றுதான் நினைத்தார்கள். 1968ஆம் ஆண்டு வேலைக் கட்டுப்பாட்டுச் சட்டம் வந்து, குடியுரிமை இல்லாதவர் வேலை பெர்மிட் எடுக்க வேண்டும் என்றபோது, குடியுரிமை இல்லாமல் சிவப்பு அடையாள அட்டை வைத்திருந்த எங்கள் தோட்டத்துக் குடும்பங்கள் சில கப்பலேறிப் போயின. சட்டத்தில் உங்கள் மாப்பிள்ளைக்கு அந்த நிலை இல்லை. ஆனால் உங்கள் அம்மாவுக்கு அக்காலம் நினைவிருக்கும். "மருமகனுக்குப் பெர்மிட் எத்தனை மாதம்?" என்று அவர் கேட்டால், அது சும்மா கேட்பதன்று என்று புரிந்துகொள்ளுங்கள்.

மற்றபடி பீடோர் மகள் சொன்னதுதான் சரி. திருமணத்தைப் பதிவு செய்யுங்கள். எந்தப் பாஸ் என்றாலும் அந்தத் தாள் கையில் இருக்க வேண்டும்.


தைப்பிங்காரி, சியாங் மாய் எழுதியது:

நான் எதிர்த்திசையில் போனவள். தாய்லாந்து 2024 ஜூலையில் தொலைவேலை செய்பவர்களுக்கும் கொண்டு வந்த டிடிவி விசாவில் சியாங் மாயில் இருந்து வரைகலை வேலை செய்கிறேன். ஐந்தாண்டு விசா, ஒவ்வொரு முறை உள்ளே வரும்போதும் 180 நாள், அதை ஒருமுறை நீட்டிக்கலாம். 5,00,000 பாட் சேமிப்பு காட்ட வேண்டும், விண்ணப்பத்துக்கு 10,000 பாட் கட்டணம். மாத வருமானத்துக்கு வரம்பு இல்லை என்பதால் என்னைப் போல ஒரு மாதம் நிறையவும் மறுமாதம் குறைவாகவும் சம்பாதிப்பவர்களுக்கு அது வசதி. இந்தோனேசியாவின் தொலைவேலை விசாவுக்கு ஆண்டுக்கு 60,000 டாலர் கேட்கிறார்கள். அதனால் பாலியை விட்டு இங்கே வந்தவர்களை நிறையப் பார்க்கிறேன்.

இங்குள்ள அயல்நாட்டவரிடம் மலேசியாவைப் பற்றிக் கேட்டால் பெரும்பாலும் வரும் பதில்: தாள்வேலை தெளிவாக இருக்கிறது, காலம்தான் குறைவு. தாய்லாந்துக்கு அதைத் திருப்பிப் போட்டுக்கொள்ளுங்கள்: காலம் நீளம், ஆனால் எந்தச் சுற்றறிக்கை எப்போது வரும் என்று தெரியாது. என் அம்மா தைப்பிங்கில் இருப்பதால், ஒவ்வொரு 180 நாளும் முடியும்போது நான் வீட்டுக்கு வருகிறேன். விசாவுக்காக எல்லை தாண்டுவதும் அம்மாவைப் பார்ப்பதும் ஒரே பயணச் சீட்டில் முடிகின்றன. உங்கள் மாப்பிள்ளைக்கு அந்த வசதி இல்லை. அவருக்கு ஒரே இடத்தில் இடைவிடாமல் இருக்கும் அனுமதிதான் வேண்டும். ஆகவே மாதங்களை ஒப்பிட்டு மயங்காதீர்கள்.


சிப்புட் அண்ணன் எழுதியது:

எல்லோருக்கும் நன்றி. பதில் எழுத மூன்று வாரம் ஆகிவிட்டது. அதற்குள் சில விஷயங்கள் தெளிவாகியிருக்கின்றன.

பீடோர் சகோதரி கேட்டது சரியான இடத்தில் குத்தியது. திருமணம் இங்கே பதிவாகவில்லை. மாப்பிள்ளை வீட்டார் அங்கே பதிந்துவிட்டார்கள், அது போதும் என்று நாங்கள் இருந்துவிட்டோம். தங்கை இப்போது சான்றிதழ்களையும் திருமணப் படங்களையும் திரட்டிக்கொண்டிருக்கிறாள். தாமதத்துக்கான விளக்கக் கடிதத்தை நான் மலாயில் எழுதிக் கொடுத்திருக்கிறேன்.

கணக்கர் ஐயா சொன்னபடி நிறுவனத்தை முதலில் கேட்டோம். (மியூனிக் இல்லை ஐயா, ஹம்பர்க்.) அவர்கள் பன்னிரண்டு மாதத்துக்குச் சம்மதித்துவிட்டார்கள், ஆனால் ஒரு நிபந்தனையோடு: வெளிநாட்டு நிறுவனத்துக்காக வேலை செய்யலாம் என்று வெளிப்படையாக அனுமதிக்கும் பாஸ் அவர் கையில் இருக்க வேண்டுமாம். துணைவர் பாஸின் வாசகத்தை அனுப்பினோம். அது தங்களுக்குப் போதாது என்று அவர்களுடைய வழக்கறிஞர் சொல்லிவிட்டார். எனவே முதல் ஆண்டுக்கு டிஇ ரந்தாவ் என்று முடிவு செய்திருக்கிறோம். ஜனவரி கடைசியில் வருவதாகத் திட்டம். தீபாவளிக்கு ஊருக்குப் போவதில்லை என்றும் மாப்பிள்ளை ஒப்புக்கொண்டார். அதற்குள் திருமணப் பதிவு முடிந்துவிட்டால், இரண்டாம் ஆண்டில் பாஸை நீட்டிப்பதா, துணைவர் பாஸுக்கு மாறுவதா என்று அப்போது பார்த்துக்கொள்வோம். தங்கைக்கு மாறிவிட வேண்டும் என்று ஆசை. மாப்பிள்ளை ஒன்றும் சொல்லவில்லை, கோயம்புத்தூரில் அவருக்கும் ஓர் அம்மா இருக்கிறார்.

பழைய கிராணி ஐயா, நீங்கள் எழுதியதை அம்மாவுக்குப் படித்துக் காட்டவில்லை. ஆனால் பன்னிரண்டு மாதம் என்று சொன்னதும் அவர் கேட்டது நீங்கள் சொன்னதைப் போன்ற கேள்விதான்: "அதுக்கப்புறம் யாரு கையெழுத்துப் போடணும்?"

திருப்பூர்த் தம்பி, பெயர்க் கடிதத்தின் மாதிரி ஒன்று இருந்தால் அனுப்ப முடியுமா? மாப்பிள்ளையின் முன்னெழுத்து இரண்டு.


திருப்பூர்க்காரன், ஈப்போ எழுதியது:

தனிச்செய்தியில் அனுப்பிவிட்டேன், அண்ணா. இரண்டு முன்னெழுத்தையும் விரித்து எழுதிய வடிவம், விரிக்காத வடிவம், பெயருக்குப் பின்னால் வரும் வடிவம் மூன்றையும் சேர்த்துக்கொள்ளச் சொல்லுங்கள். மோடத்துக்கு ஒரு சிறிய யூபிஎஸ் பெட்டியும் இடிதாங்கிப் பிளக்கும் வாங்கி வைத்தால் மின்வெட்டுக்குத் தாங்கும். ஆனால் அம்மா பிளக்கைப் பிடுங்குவதை நிறுத்தச் சொல்லாதீர்கள், நானும் இங்கே அதைத்தான் செய்கிறேன். கைப்பேசியில் இன்னொரு நிறுவனத்தின் சிம் ஒன்றைத் தயாராக வைத்துக்கொண்டு, இடி ஓயும் வரை கூட்டத்தை அதில் நடத்திக்கொள்ளலாம்.